அண்ணன் பங்கு ஏறிய வாரம்

அன்று காலை எங்கள் அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள்.

விருதுநகர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது நான் வேலை பார்த்த பங்குத் தரகு அலுவலகம். கீழே மல்லியும் மிளகாய் வத்தலும் மூட்டை மூட்டையாக இறங்கும் கடை. ஏ.சி. அறையைச் சாத்தி வைத்தாலும் வத்தல் நெடி எப்படியோ ஏறி வந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் தும்முவார்கள். நாங்கள் தும்ம மாட்டோம்.

லட்டு கொடுத்தவர் தாலுகா அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். வட இந்திய சிமெண்ட் கம்பெனி ஒன்றின் பங்கைக் கொஞ்சம் வைத்திருந்தார். அது ஒரு வாரமாக ஏறிக்கொண்டே இருந்தது. இன்னொரு பெரிய கம்பெனி அதை விலைக்கு வாங்கப் போகிறது என்று வதந்தி. "எடுத்துக்கோங்கம்மா, இன்னும் ஏறும்" என்று என் மேசையிலும் ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வாடிக்கையாளர்களிலேயே அந்தப் பங்கை அதிகமாக வைத்திருந்தவர் என் அண்ணன் ரத்தினவேல். பெரியவரிடம் இருந்ததைப் போலப் பல மடங்கு. நியாயமாகப் பார்த்தால் நான்தான் பஜாருக்கே லட்டு கொடுத்திருக்க வேண்டும்.

நான் பயந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பங்கு இன்னும் கொஞ்சம் ஏறினால் அண்ணன் அழிந்துவிடுவார்.

இரண்டு விலை

சொந்தப் பங்கு ஏறினால் எப்படி ஒருவர் அழிவார் என்று கேட்பீர்கள். என் மதினியும் அதைத்தான் கேட்டார். அண்ணன் மனைவி புஷ்பம் மதினிக்கு நான் அடுப்படியில் நின்று சொன்ன விளக்கத்தையே இங்கேயும் சொல்கிறேன்.

இன்று கையில் காசு கொடுத்து வாங்கினால் ஒரு பங்கு நூறு ரூபாய் என்று வையுங்கள். மாதக் கடைசியில் கைமாற்றிக்கொள்வதாக இன்றே பேசி வைத்தால் அதற்கு நூற்றியொரு ரூபாய். முதலாவது ரொக்க விலை. இரண்டாவது முன்பேர விலை. அலுவலகத்தில் 'பியூச்சர்' என்போம்.

நூறுக்கு வாங்கி, அதே நிமிடத்தில் நூற்றியொன்றுக்குப் பியூச்சரில் விற்றுவிட வேண்டும். மாதக் கடைசியில் இரண்டு விலையும் ஒன்றாகிவிடும். நடுவில் இருந்த ஒரு ரூபாய் நமக்கு. இடையில் பங்கு இருநூறுக்குப் போகட்டும், ஐம்பதுக்கு விழட்டும். ஒரு கையில் போவது மறு கையில் வந்துவிடும். இதற்குத்தான் ஆர்பிட்ரேஜ் என்று பெயர்.

இதைக் கீழ்க்கடை அண்ணாச்சியிடம் ஒருமுறை சொன்னபோது அவர் சிரித்தார். "இதத்தானம்மா நாங்களும் செய்றோம்? இன்னைக்கு மல்லிய வாங்கிக் கிட்டங்கியில போட்டுட்டு, ரெண்டு மாசம் களிச்சு எடுக்கிறவன்ட்ட இன்னைக்கே வெலை பேசிருதோம். உங்க மல்லிக்குப் புளு வைக்காது. அம்புட்டுத்தான் வித்தியாசம்."

புழு வைக்காதுதான். ஆனால் வேறு ஒன்று உண்டு. பியூச்சரில் விற்றவர், விலை ஏற ஏற, அந்த ஏற்றத்தை அன்றன்றைக்கு ரொக்கமாகக் கட்டிவிட வேண்டும். வாங்கி வைத்த பங்கிலும் அதே அளவு லாபம் இருக்கும். ஆனால் அது திரையில்தான் இருக்கும், விற்றால்தான் காசு. மாதக் கடைசிவரை தாக்குப்பிடித்தால் எல்லாம் நேராகிவிடும். தாக்குப்பிடிக்க முடியாவிட்டால், மும்பையில் இருக்கும் தலைமை அலுவலகம் அந்தப் பியூச்சரை வலுக்கட்டாயமாக முடித்துவிடும். 'வெட்டிட்டாங்க' என்போம். இரண்டு காலில் நின்ற வியாபாரம் அப்புறம் ஒற்றைக் காலில் நிற்கும்.

மதினி கேட்டுவிட்டு ரசத்தை இறக்கி வைத்தார். "ஒங்க அண்ணன மாதிரி நெஞ்சுவலிக்காரருக்கு ஏத்த தொளில்தான்" என்றார்.

மருந்து வாடை

அண்ணன் பங்குச் சந்தைக்காரர் அல்ல. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு பட்டாசுக் கம்பெனி இருந்தது. அப்பா காலத்தில் தொடங்கியது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் நடத்தினார். புளியமரமும் வேப்பமரமும் நிற்கிற கரிசல் காட்டில், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். 'ரூம்' என்பார்கள். ஒரு ரூமுக்கு இத்தனை ஆள், இத்தனை வெடிமருந்து என்று விதி. அண்ணன் அந்த விதியை மீறியதில்லை. மீறாததால் பக்கத்துக் கம்பெனிகள் அளவுக்குச் சம்பாதித்ததும் இல்லை.

ஒரு சித்திரை மாதம் இரண்டு காடு தள்ளி இருந்த வேறொரு கம்பெனியில் வெடித்தது. சத்தம் கேட்டதும் அண்ணன் ஓடினார். அன்று அங்கே அவர் என்ன பார்த்தார் என்று எங்களிடம் சொன்னதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மருந்து வாடை. மதினி தட்டில் சோறு போட்டு வைத்தார். அண்ணன் தட்டைப் பார்த்தார், எழுந்து போய்க் கிணற்றடியில் வாந்தி எடுத்தார்.

அந்த வருடத் தீபாவளி ஆர்டர்களை முடித்துக் கொடுத்துவிட்டு, "இந்தத் தொளில் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

விற்றுவிடு என்றார்கள் பங்காளிகள். ஆனால் அப்பா வாங்கிய உரிமம். விற்க மனம் வரவில்லை. குத்தகைக்கு விட்டார். உரிமம் அண்ணன் பெயரில், நடத்துவது வேறொருவர். எங்கள் பக்கத்தில் அது ஊரறிந்த நடைமுறை. சட்டம் ஒத்துக்கொள்ளாது என்பதும் ஊரறிந்ததுதான்.

குத்தகைக்கு விட்ட அன்று தொழிலாளர்களைக் கூப்பிட்டு, விருப்பமில்லாதவர்கள் கணக்கை முடித்துக்கொண்டு போகலாம் என்றார். யாரும் போகவில்லை. பேச்சியம்மா என்ற பெண் எங்கள் அப்பா காலத்திலிருந்தே அங்கே இருந்தவர். பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற வேலை. வாய் ஓயாமல் பேசுவார். கை மட்டும் பேச்சோடு சேராமல் தன் போக்கில் நிதானமாக வேலை செய்யும்.

"நீயாவது வேற எங்கயாவது போயேன், பேச்சி" என்று அண்ணன் கேட்டார்.

"எங்கன போனாலும் இதே மருந்துதான மொதலாளி. இங்கன வேப்பமர நெளலாவது இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

என் மேசைக்கு எதிரே

போன வாரம் இந்தத் தொடரில் நான் ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்து தரகு அலுவலகத்துக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். "பெண்ணை நம்பி எப்படிப் பணம் போட்டார்கள்?" என்று அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, யாரும் என்னை நம்பிப் போடவில்லை. அவரவர் ஆசையை நம்பித்தான் போட்டார்கள். வாடிக்கையாளர் போனில் சொல்வதைக் கணினியில் தட்டுவதுதான் என் வேலை. அவர்கள் பேசுவது ஒவ்வொன்றும் பதிவாகும். அவர்கள் குரல் இல்லாமல் ஒரு பங்கைக்கூட நான் தொட முடியாது.

கம்பெனியைக் குத்தகைக்கு விட்ட பிறகு அண்ணன் அடிக்கடி சிவகாசியிலிருந்து பஸ் ஏறி எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுவார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து திரையைப் பார்ப்பார். முதலில் ஒன்றும் வாங்கவில்லை. மற்றவர்கள் வாங்கி விற்றுத் தவிப்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் வெடிதான் பாப்பா. சத்தம் மட்டும் கேக்காது" என்றார். எனக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அண்ணனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

பிறகு ஆர்பிட்ரேஜ் பற்றித் தெரிந்துகொண்டார். அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் வெகுநாள் பார்த்ததில்லை.

"ஏறினாலும் எறங்கினாலும் ஒண்ணா?"

"ஒண்ணுதான் அண்ணே. கெடைக்கிறது கொஞ்சம்தான், பேங்க் வட்டிக்குக் கொஞ்சம் மேல."

"போதும். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல?"

"யாருக்கு என்ன ஆகப்போகுது?"

"அதான் கேக்கேன்" என்றார்.

இரண்டு வருடம் அது நன்றாகவே நடந்தது. குத்தகைப் பணம் வரும். அதைக் கொண்டு பங்கு வாங்குவார், பியூச்சரில் விற்பார், மாதக் கடைசியில் முடிப்பார். அவருடைய உடம்பு தேறியது. மதினியைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் போய் வந்தார். கம்பெனி பக்கம் போவதே இல்லை. குத்தகைக்காரர் உள்ளே ஒவ்வொரு ரூமாகப் பிரித்து வேறு வேறு ஆட்களுக்கு உள்குத்தகை விட்டிருக்கிறார் என்று ஊரில் பேசினார்கள். நான் ஒருமுறை கேட்டேன்.

"குத்தகைக்கு விட்டா அவன் பாடு" என்றார் அண்ணன். அவர் அப்படிப் பேசுகிறவர் அல்ல. அதனால்தான் அது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அந்த ஒரு ரூபாய் வித்தியாசம் முக்கால் ரூபாய் ஆனது, அரை ரூபாய் ஆனது. நாட்டில் எல்லோரும் அதே வியாபாரத்துக்கு வந்துவிட்டார்கள். பழைய லாபம் வேண்டுமென்றால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு சரக்கு எடுக்க வேண்டும். அண்ணன் எடுத்தார். பங்குகளையே அடமானமாகக் காட்டி, அதன் மேல் இன்னும் எடுத்தார். இழப்பே இல்லாத வியாபாரத்தில் அளவைக் கூட்டினால் என்ன? யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

பச்சை

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சிமெண்ட் கம்பெனி வதந்தி கிளம்பியது. எங்கள் திரையில் ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. அந்த வாரம் முழுக்கப் பச்சை.

முதல் நாள் அண்ணன் கையிருப்பிலிருந்து கட்டினார். இரண்டாம் நாள் வங்கி வைப்புத் தொகையை உடைத்தார். அடுத்த நாள் மதினியின் நகை அடகுக்குப் போனது.

"ரெண்டையும் சேத்து முடிச்சிருவோம் அண்ணே" என்றேன். வதந்தியால் பியூச்சர் விலை ரொக்க விலையைவிட வேகமாக ஏறி, இடைவெளி பெரிதாகியிருந்தது. அப்போது முடித்தால் நட்டம்தான். ஆனாலும் தாங்கக்கூடிய நட்டம்.

"மாசக் கடைசி வந்துட்டா ரெண்டும் ஒண்ணாயிரும். நீதான சொன்ன? கணக்கு தப்பாது. இன்னும் நாலஞ்சு நாளு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தாப் போதும்."

அவர் சொன்னது சரிதான். கணக்கு தப்பவில்லை. மாதக் கடைசியில் இரண்டு விலையும் ஒன்றாகத்தான் ஆயின.

அந்த நாலைந்து நாளைக் கடக்க, காரியாபட்டியில் மதினிக்குப் பிறந்த வீட்டார் கொடுத்த மனை இருந்தது. அதை விற்க மதினி மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். வாங்குகிறவர் கொடுத்த முன்பணம் அன்று சாயங்காலமே அண்ணன் கணக்குக்கு வந்துவிட்டது. மறுநாள் மதியத்துக்குள் அதை எங்கள் அலுவலகக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்று மும்பையிலிருந்து கெடு. அந்த நாள்தான் லட்டு கொடுத்த நாள்.

பத்தரை மணி வாக்கில் எங்கள் மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைவிட வயதில் சின்னவர், நல்ல பையன். "அக்கா, அண்ணன் இன்னும் அனுப்பலையே? மும்பைல கேக்காங்க."

நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

அப்போது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர் தன் போனைப் பார்த்துவிட்டு, "நாரணாபுரம் பக்கம் வெடியாம்ல" என்றார். அந்த அறையில் அது புதுச் செய்தி அல்ல. சீசனில் மாதம் ஒன்று கேட்கிற செய்தி. இரண்டு பேர் உச்சுக் கொட்டினார்கள். மறுபடியும் திரையைப் பார்த்தார்கள்.

மதினிக்குப் போன் செய்தேன்.

"நம்ம கம்பெனிதான் பாப்பா" என்றார் மதினி.

"வெட்டட்டும்"

உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதல் குற்றவாளி. இது எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். வெடித்த செய்தி கேட்டதும் உரிமக்காரர்கள் வெளியூர் போய்விடுவார்கள். வக்கீல் முன்ஜாமீன் வாங்கிய பிறகுதான் தலையைக் காட்டுவார்கள். எங்கள் குத்தகைக்காரரும் போனை அணைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணனும் எங்கேயோ போயிருப்பார், அதனால்தான் போனை எடுக்கவில்லை என்று நினைத்தேன். உள்ளுக்குள் அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பன்னிரண்டு மணி நெருங்கும்போது அவரே கூப்பிட்டார். பின்னால் ஒரே அழுகைச் சத்தம்.

"பாப்பா, ஆஸ்பத்திரில இருக்கேன்."

"உங்களுக்கு என்னண்ணே ஆச்சு?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் சிவகாசி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கேன். நாலு பேரு கெடக்காக. ஒரு ரூமுல நாலு பேரு இருக்கணும்னா குத்தகைக்காரன் பத்துப் பேர வச்சிருந்திருக்கான். மத்தவுக..." நிறுத்தினார். "மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லுதாக. தனியார் ஆஸ்பத்திரில தீக்காயத்துக்குன்னு தனி வார்டு இருக்காம். முன்பணம் கட்டினாத்தான் சேப்பாகளாம்."

எனக்குப் புரிந்துவிட்டது. மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இங்கயும் இன்னைக்குக் கெடு."

"தெரியும்."

"அனுப்பலைன்னா வெட்டிருவாங்க. எல்லாம் போயிரும். மதினி மனையும் சேந்து போயிரும்."

"பேச்சியம்மாவும் இருக்கு பாப்பா. என்னை அடையாளம் கண்டுக்கிட்டு, 'மொதலாளி வந்துட்டீகளா'ன்னு கேக்குது."

மேனேஜர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.

"வெட்டட்டும்" என்றார் அண்ணன். போனை வைத்துவிட்டார்.

மேனேஜரிடம் போய்ப் பணம் வராது என்றேன். "நாம ஒண்ணும் செய்ய முடியாதுக்கா, எல்லாம் அங்கிருந்துதான்" என்றார். எனக்கும் தெரியும்.

மதியம் என் திரையில் அண்ணன் பெயருக்கு எதிரே வரிசைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பியூச்சர் முழுவதும் முடிக்கப்பட்டது. அந்த வாரத்திலேயே மிக உயர்ந்த விலையில். கட்டவேண்டிய பாக்கிக்காக அடமானப் பங்குகளில் ஒரு பகுதியும் விற்கப்பட்டது. மீதிப் பங்குகள் மட்டும் தனியே நின்றன.

அவற்றையும் உடனே விற்றிருந்தால் பாதியாவது தேறியிருக்கும். அண்ணனைக் கூப்பிட்டேன். முதலில் மணி அடித்தது. அப்புறம் அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. இன்ஸ்பெக்டர் வந்தபோது அண்ணன் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாராம். "நீங்கதான் ரத்தினவேலா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று சொல்லி, போனையும் எடுத்துக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறியிருக்கிறார்.

மதினியின் கேள்வி

சாயங்காலம் நான் சிவகாசிக்குப் போனேன். பஸ்ஸில் எல்லோரும் வெடிவிபத்தைப் பற்றித்தான் பேசினார்கள். "ஓனரைப் பிடிச்சிட்டாகளாம்" என்றார் ஒருவர். "பிடிச்சு? ரெண்டு மாசத்துல வெளிய வந்து இன்னொரு லைசென்ஸ் வாங்கிருவான்" என்றார் இன்னொருவர். அவர் பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மதினியின் அண்ணன் தம்பிகள் நின்றார்கள். மதினி உள்ளே அரிசிக் குதிருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மனைப் பணம் எங்க?"

"மதினி..."

"ஒங்க கம்ப்யூட்டர் தின்னுச்சா, ஆஸ்பத்திரி தின்னுச்சா? அத மட்டும் சொல்லு."

"ஆஸ்பத்திரிக்குத்தான் போச்சு மதினி. எங்க ஆபீசுக்கு அவரு ஒரு பைசா அனுப்பல."

மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் தரையில் உட்கார்ந்தார்.

"அப்பச் சரி" என்றார். அதற்கப்புறம்தான் அழுதார்.

மறுநாள் மதினிதான் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார். வாசலில் தீக்காயம் பட்டவர்களின் உறவுக்காரர்கள் அவரை அடிக்க வந்தார்கள். ஒதுங்காமல், அடி வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றாராம். யாரோ ஒரு வயதான அம்மாள் நடுவில் புகுந்து, "சேத்ததே அவுக வீட்டுக்காரருதான், விடுங்கடா" என்று விலக்கிவிட்டார்.

கணக்கு நேரானபோது

மூன்றாம் நாள் அந்தச் சிமெண்ட் கம்பெனி, யாரும் தங்களை வாங்கவில்லை என்று அறிக்கை விட்டது. பங்கு விழுந்தது. ஏறியதைவிட வேகமாக விழுந்தது. அண்ணனின் மீதிப் பங்குகள் பியூச்சர் என்ற மறு கால் இல்லாமல் தனியாக விழுந்தன. விற்கச் சொல்ல அவர் குரல் வேண்டும். அவர் விருதுநகர் சிறையில் இருந்தார். எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம்தான்.

லட்டு கொடுத்த பெரியவர் என் மேசைக்கு வந்து, "ஒரே நாள்ல இப்பிடிக் கவுத்திருச்சேம்மா" என்று புலம்பினார். அவரை நான் தேற்றி அனுப்பினேன்.

மாதக் கடைசி வந்தது. ரொக்க விலையும் பியூச்சர் விலையும் ஒன்றாயின. திரையில் இரண்டு எண்களும் காசு பிசகாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அண்ணன் சொன்ன அந்த நாள். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் உட்கார்ந்தேன்.

மதுரைக்குக் கொண்டுபோன நால்வரில் இரண்டு பேர் பிழைத்தார்கள். ஒருவர் சிவகாசிக்காரர். இன்னொருவர் மல்லாங்கிணறு பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர். விரல்கள் மடங்காது, இப்போது அக்காவின் டீக்கடையில் கல்லாவில் உட்காருகிறார். பேச்சியம்மா ஒரு வாரம் இருந்தார். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. வாய் ஓயாத அந்த அம்மாளைப் பேச்சில்லாமல் பார்க்க முடியவில்லை என்று மதினி சொன்னார்.

கையெழுத்து

அண்ணனுக்கு ஜாமீன் கிடைத்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது. தினமும் காலையில் மதுரையில் ஒரு காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நிபந்தனை. அவரைத் தனியாக அனுப்ப மதினிக்குப் பயம். முதல் வாரம் நான் விடுப்பு எடுத்துக்கொண்டு சிவகாசி வீட்டில் தங்கி அவரோடு போய் வந்தேன்.

அண்ணன் இளைத்திருந்தார். சட்டை தோளில் தொங்கியது. பங்குகள் என்னவாயின என்று அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. வெளியே வந்ததும் மீதியை விற்று, இறந்தவர்கள் குடும்பங்களுக்குக் கொடுக்கச் சொல்லி வக்கீலிடம் ஒப்படைத்தோம். அது யாருக்கும் போதவில்லை.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, விடிகிற நேரத்தில் பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் நின்றோம். எதிர்ப்பக்கம் பட்டாசுக் கம்பெனி வேன்களுக்காகப் பெண்கள் தூக்குவாளிகளோடு நின்றார்கள். குளிருக்குத் தலையில் துண்டு சுற்றியிருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் எங்களைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தாள். பேச்சியம்மாவின் மகள் முத்துலட்சுமி. அண்ணன் இரண்டு கையையும் தொங்கவிட்டபடி நின்றார்.

"எப்ப வந்தீக மொதலாளி? சாப்பிட்டீகளா?" என்றாள்.

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, "வேலைக்காம்மா போற?" என்றார்.

"ஆமா. சாத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனி. நம்ம கம்பெனிக்குத்தான் சீல் வச்சுட்டாகளே. அங்கன கூலி கூட."

"என்ன வேலை?"

"அம்மா பாத்த வேலைதான்."

வேன் வந்து ஹாரன் அடித்தது. அவள் திரும்பி ஓடப் போனவள் நின்றாள். "அம்மா காரியத்துக்கு நீங்க வரலைன்னு சனம் பேசிச்சு. உள்ள இருந்தா எப்படி வருவாகன்னு நான்தான் சொன்னேன். வாறேன் மொதலாளி."

வேனுக்குள் ஏற்கனவே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரோ ஒருத்தியின் மடியில் தூக்குவாளியை வைத்துவிட்டு, அவள் கதவோரம் ஒண்டிக்கொண்டாள். வேன் போய்விட்டது.

எங்கள் பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்த அண்ணன் திருமங்கலம் தாண்டும்வரை கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் பிள்ள மொகத்துல கோவமே இல்ல, பார்த்தியா" என்றார் திடீரென்று.

"பார்த்தேன் அண்ணே."

"ஒரு வார்த்தை ஏசியிருக்கலாம் பாப்பா."

அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. நானும் கைக்குட்டை எதுவும் நீட்டவில்லை. மதுரை வந்ததும் இறங்கி, கையெழுத்துப் போடுகிறவர்களின் வரிசையில் போய் நின்றோம்.